இரண்டு ஆசனமும் நாலு கதவும்

சில வருஷங்களுக்கு முன்னால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மோட்டாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதில் ஒரு வாக்கியம் எனக்கு அபாரமாகப் பிடித்திருந்தது. "இத்தாலியக் கலைஞன் வரைந்த யுவதிக்கு வண்டலூரில் இரண்டு கதவுகளைக் கூடுதலாக மாட்டி, அவளைச் சம்பந்தியம்மாள் ஆக்கிவிட்டார்கள்" என்பது அது. கடிதம் போட்ட வாசகர்களும் அதைத்தான் எடுத்துக் காட்டிப் பாராட்டினார்கள். எழுதுகிறவனுக்கு இம்மாதிரி வாக்கியங்கள்தான் சத்துரு. அழகாக விழுந்துவிட்டால், உண்மையாகவும் விழுந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க மனம் வருவதில்லை.

இப்போது அதை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. முழுவதையும் அல்ல, பாதியை. எந்தப் பாதி என்று சொல்வதற்கு, குன்னூரில் நான் வைத்திருக்கும் பழைய இரண்டு ஆசன வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பேசியாக வேண்டும். நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவனுக்குக் கார் விமரிசனம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பிடிக்காத நாவலை மூடி அலமாரியில் வைத்துவிடலாம். பிடிக்காத காருக்கு இன்ஷூரன்ஸ் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகையால் காரைத்தான் அதிக ஜாக்கிரதையாக விமரிசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வண்டியின் பெயர் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டாவது உலக யுத்தத்தில் இங்கிலாந்தைக் காத்த போர் விமானத்தின் பெயரை வைத்துக்கொண்டு 1962-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. என்னுடையது அந்த முதல் வகை. தேயிலைத் தோட்டத்தில் மானேஜராக இருந்த ஒருவருடைய குடும்பத்தாரிடமிருந்து வாங்கினேன். அவர்கள் வீட்டுக் கொட்டகையில் அதன் ஆசனங்களில் வெகுகாலமாகக் கோழிகள் குடியிருந்தன. விலை மலிவு. ஒரு ஸ்கூட்டர் வாங்கப் போகிறவன் இன்னும் கொஞ்சம் கடன் வாங்கினால் போதும். அந்தக் கடனும் என் நாவல் ஒன்றின் மறுபதிப்பில் அடைந்துவிட்டது. கோழிகளை அப்புறப்படுத்தவும், பிறகு அதை ஓட வைக்கவும் ஆன செலவைப் பற்றி என் மனைவியும் நானும் பேசுவதில்லை என்று ஓர் உடன்படிக்கை இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எண்பது வயது. வண்டியைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. இதிலே நான் எங்கேடா உட்கார்றது?"

"முன்னாலே உட்காரும்மா."

"அப்போ அவ?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையே நடக்கிறது.

மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்பது வானத்திலிருந்து குதித்த ஜாதி அல்ல. அது எப்போதுமே குடும்பக் காரின் இளைய தம்பி. 1928-ல் எம்.ஜி. கம்பெனி முதல் மிட்ஜெட்டைக் காட்டியபோது, அடியில் இருந்தது மாரிஸ் மைனர் என்ற சாது வண்டிதான். எண்ணூற்றுச் சொச்சம் ஸி.ஸி. எஞ்சின், மேலே படகு மாதிரி ஒரு லேசான உடம்பு. 1958-ல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டும் அப்படியே. எஞ்சின் ஆஸ்டின் குடும்ப வண்டியுடையது, ஸ்டியரிங் மாரிஸ் வீட்டுச் சீதனம். புதிதாக ஒன்றும் செய்யாமல், இருப்பதில் பாதியைக் கழித்துவிட்டு, கழித்ததனால் வந்த லேசை விற்பார்கள். சிறுகதைக்காரனும் ஏறக்குறைய இதே தொழில்தான் செய்கிறான்.

ஸ்பிட்ஃபயரின் மூத்தவன் யார் என்பது நமக்குச் சுவாரசியமான விஷயம். டிரையம்ஃப் ஹெரால்டு! 1959-ல் வந்த அந்தக் காருக்கு டூரின் நகரத்து மிக்கெலாட்டி உருவம் கொடுத்தார். மற்றக் கம்பெனிகள் உடம்பையும் எலும்பையும் ஒன்றாக வார்க்க ஆரம்பித்துவிட்ட காலத்தில், ஹெரால்டுக்கு மட்டும் பழைய மோஸ்தரில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் அடியில் இருந்தது. அதன்மேல் எந்தச் சட்டையையும் மாட்டலாம். அதே சட்டத்தை எட்டரை அங்குலம் குறுக்கி, அதே மிக்கெலாட்டி இரண்டு பேர் உட்காருகிற ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். கையில் காசில்லாத கம்பெனி அதை ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்துவிட்டது. 1961-ல் லேலண்ட் கம்பெனி வந்து தொழிற்சாலையை வாங்கியபோது, சரக்கைப் பார்க்க வந்தவர்கள் துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். செய்யலாம் என்றார்கள். அந்தத் துணியை யாரும் தூக்கியிராவிட்டால் மூன்று லட்சத்துச் சொச்சம் ஸ்பிட்ஃபயர்கள் 1980 வரையில் உலகத்தில் ஓடியிரா.

அதே 1961-ல் ஹெரால்டு நம் ஊருக்கும் வந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைச் செய்தது. இங்கிலாந்தில் எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இங்கே கடைசிவரை 948 ஸி.ஸி.தான். உடம்பில் மட்டும் ஒரு மாறுதல் நடந்தது. 1960-களின் பிற்பகுதியில் நம்மவர்கள் இங்கிலாந்தில் இல்லாத ஒரு நாலு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். அந்தச் சட்டத்தைச் சீமைக்காரன் குறுக்கினான். நாம் அதன்மேல் கதவு சேர்த்தோம். அவன் இரண்டு பேருக்கு இடம் போதும் என்றான். நாம் பாட்டி எப்படிப் பின்னால் ஏறுவாள் என்று யோசித்தோம். 1972-ல் வந்த கெஸலும் நாலு கதவுதான். இதைத்தான் நான் சம்பந்தியம்மாள் என்று பரிகாசம் செய்தேன்.

இனி வண்டியைப் பார்ப்போம். மலைக்கு இதைவிடப் பொருத்தமான யந்திரத்தை நான் ஓட்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் வேகம் அல்ல. கம்பெனிக் கணக்கில் அறுபத்து மூன்று குதிரைகள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறினால் நூற்றுக்கு மூன்று பங்கு சக்தியைக் காற்றின் மெலிவு தின்றுவிடும் என்பது பழைய மெக்கானிக்குகளின் வாய்ப்பாடு. குன்னூர் ஆறாயிரம் அடி. ஆக, பதினோரு குதிரைகள் பர்லியாறுக்கு மேலே வருகிறபோதே ஒவ்வொன்றாக இறங்கிப் புல் மேயப் போய்விடுகின்றன. மிச்சத்தைக் கொண்டு எழுநூறு கிலோச் சில்லறை எடையை இழுக்க வேண்டும். இழுக்கிறது. இன்றைக்கு வருகிற சாதாரண டாக்ஸி ஒன்று இதைப் பின்னால் தள்ளிவிட்டுப் போய்விடும்; போகட்டும்.

இந்த வண்டியின் கலை திரும்புவதில் இருக்கிறது. ஹெரால்டின் முன்சக்கரங்கள் கோணங்கி மாதிரி ஒடித்துத் திரும்பும். ஸ்பிட்ஃபயர் இருபத்துநாலு அடி வட்டத்துக்குள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். பழைய அம்பாஸடர் முப்பதுக்கு மேல் கேட்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசம் ஒரு ஜன்மாந்தர வித்தியாசம். பெரிய வண்டிக்காரன் எதிரே வருகிறவனுடைய பாதையைக் கடன் வாங்கித்தான் திரும்புகிறான். நான் என் பாதையிலேயே திரும்புகிறேன். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டியில் முப்பத்தாறு வளைவுகள். விபத்துக்கள் நடந்ததனால் வெளியூர் வண்டிகளை அங்கே இறங்க விடுவதில்லை. உள்ளூர்க்காரன் என்ற சலுகையில் ஒரு தடவை இறங்கினேன். முழுவதும் இரண்டாவது கியர். பிரேக்கைத் தொட்டது சொற்பம். முப்பத்தாறாவது வளைவு முடிந்தபோது இன்னும் நாலு இருக்கக்கூடாதா என்று தோன்றியது. ஒரு யந்திரத்துக்கு இதற்கு மேல் நான் நற்சாட்சிப் பத்திரம் கொடுக்க முடியாது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருக்கிறோம். தேயிலைச் செடி கண் மட்டத்துக்கு மேலே நிற்கிறது. மேலே கூரை இல்லை. பறித்த கொழுந்தின் பச்சை வாசனை, பாக்டரியில் வாட்டுகிற வாசனை, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வந்ததும் சட்டென்று முகத்தில் அடிக்கிற குளிர், எல்லாம் நேரே மேலே விழுகின்றன. முள் நாற்பதைக் காட்டும்போது எழுபதில் போகிற மாதிரி இருக்கும். ஏமாற்றுதான், ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத ஏமாற்று. குளிர்சாதன வசதியுள்ள பெரிய வண்டிக்காரன் எழுபதில் போய்க்கொண்டே நாற்பதில் போவதாக நினைத்துக்கொள்கிறானே, அந்த ஏமாற்றில்தான் ஆபத்து. நடந்து போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் மலைப் பாதை. தோட்டத்துப் பெண்கள் கூடையோடு வரிசையாகப் போகிற வளைவில் எனக்கு அவர்களுடைய பேச்சே காதில் விழும். ஒருத்தி, "பாருடி, தொட்டி போவுது" என்றாள். சரியான விமரிசனம்.

குற்றங்களையும் சொல்லிவிட வேண்டும். பெரிய குற்றம் ஹெரால்டிடமிருந்து வந்த பிதுரார்ஜிதம். பின்சக்கரங்களைத் தாங்குகிற அச்சு, வேகமான வளைவின் நடுவில் ஓட்டுகிறவன் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தானானால், சக்கரத்தை உள்பக்கமாக மடித்துவிடும். அக்காலத்து மோட்டார்ப் பத்திரிகைகளிலிருந்து இன்றுவரை எல்லோரும் சொல்லிவரும் புகார் இது. 1970-ல் வந்த நாலாவது வகையில்தான் அதன் வில்லை மாற்றிச் சீர்செய்தார்கள். முன்னதை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே மருந்து, வளைவுக்கு முன்பே புத்தி வருவது. வளைவுக்குள் போன பிறகு வருகிற புத்தி இந்த வண்டிக்குப் பிடிக்காது.

இன்னொன்று கூரை. பிற்கால வண்டிகளில் மடித்து வைத்த கூரையை இழுத்துவிட்டால் வந்துவிடும். முதல் வகையில் கம்பிகளைத் தனியே எடுத்துச் செருகி, அதன்மேல் துணியை விரித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கல்யாணப் பந்தல் போடுகிற வேலை. நீலகிரி மழை இத்தனை அவகாசம் தருவதில்லை. என் மனைவி குடை பிடிக்க, நான் பந்தல் போட, அது முடிகிற சமயத்தில் மழையும் முடிந்துவிடும். கம்பிகளை வீட்டிலேயே மறந்துவிட்டுக் கோத்தகிரி வரை போன ஒரு நாளும் உண்டு. அன்றைக்கு அவள் குடையை எனக்குப் பிடிக்கவில்லை, தனக்கே பிடித்துக்கொண்டாள்.

உபகரணங்கள் எங்கே கிடைக்கின்றன என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில்! அங்கே ஒரு பாய் இருக்கிறார். ஹெரால்டு ஓடிய நாளிலிருந்து மெக்கானிக். முதல் முறை நான் வண்டியைக் கொண்டுபோனபோது, முன்பக்கம் முழுவதையும் முதலை வாய் மாதிரி தூக்கி வைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் பேசாமல் பார்த்தார்.

"இது நம்ம ஹெரால்டுதானுங்க சார். சட்டைதான் வேற."

முன்சக்கரங்களைத் தாங்குகிற திருகு மூட்டு ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் வைக்கக் கூடாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும் என்பது சீமைப் புஸ்தகங்களில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விதி. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எண்ணெய் டப்பாவை எடுத்துவிட்டார். கிரீஸ் வைத்த ஹெரால்டுகள் சக்கரம் ஒடிந்து உட்கார்ந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். நான் பரிகாசம் செய்த அந்தக் குடும்ப வண்டிகள் நம் ஊர்களில் ஓடியிராவிட்டால் என்னுடைய யுவதி இன்றைக்கும் கோழிக்கூண்டுதான். வாக்கியம் முதலில் ஆட்டம் கண்டது அந்தப் பட்டறையில்.

நம் நாட்டிலேயே ஒருவரும் இரண்டு ஆசன வண்டி செய்யவில்லையா? செய்தார்கள். 1990-களின் கடைசியில் பெங்களூர் ஸான் மோட்டார்ஸ், ஸான் ஸ்டார்ம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வரைந்த உருவம், கண்ணாடி நார் உடம்பு, அறுபது குதிரை உள்ள ரெனோ எஞ்சின், கோவாவில் தொழிற்சாலை. சூத்திரம் சரியானதுதான்: லேசான உடம்பு, சிறிய எஞ்சின், இரண்டே பேர். ஆனால் பழைய மிட்ஜெட்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் தெருவுக்குத் தெரு ஓடுகிற ஒரு மூத்த அண்ணன் இருந்தான். இதற்கு நம் தெருவில் அப்படி ஒருவன் இல்லை. ஆகவே அதைத் தெருவில் பார்த்தவர்கள் அபூர்வம். பிறகு 2015-வாக்கில் அவந்தி என்று ஒன்று வந்தது; அது மலிவு என்ற வார்த்தைக்கு வெகு தூரத்தில் நின்றது. ஜப்பானிய மாஸ்டாக்காரர்கள் 1989-ல் பழைய ஆங்கிலேய வண்டிகளை மனத்தில் வைத்துக்கொண்டு செய்த எம்.எக்ஸ்-5, 2016-க்குள் பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டிவிட்டது. அவர்கள் இந்தியாவில் கடை திறக்கவில்லை. திறந்திருந்தாலும் இங்கே வாங்குகிறவனுடைய அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

நம் சினிமாவையும் இதில் சேர்க்க வேண்டும். 1960-களின் வர்ணப் படங்களிலிருந்து கதாநாயகன் உதகையில் திறந்த காரில்தான் பாடுகிறான். பாதிக் காட்சிகளில் கார் ஸ்டூடியோவில் நிற்கும். மலைதான் பின்னால் ஓடும். அவன் ஸ்டியரிங்கைப் படகுத் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் ஆட்டுவான். அது போகட்டும். என் புகார் வேறு. பாட்டு முடிந்ததும் அந்தக் கார் எங்கே போகிறது? கல்யாணம் ஆனவுடன் கதையிலிருந்தே மறைந்துவிடும். இரண்டு ஆசனம் என்பது காதலுக்கு மட்டும், சம்சாரத்துக்கு ஆகாது என்று இயக்குநர்கள் தீர்மானித்துவிட்டார்கள். நானும் என் இரண்டு நாவல்களில் இதே அயோக்கியத்தனத்தைச் செய்திருக்கிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு சாயங்காலம். கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு என் மனைவியும் நானும் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது. ஒரு திருப்பத்தில் காட்டெருமை ஒன்று நடுச் சாலையில் நின்றது. இந்த மலைகளில் இப்போது இது சர்வ சாதாரணம்; குன்னூர்த் தெருக்களிலேயே உலாத்துகின்றன. ஜீப்பிலிருந்து பார்த்தால் அது ஒரு மிருகம். ஸ்பிட்ஃபயரிலிருந்து பார்த்தால் அது ஒரு கோபுரம். அதன் மூச்சு விடுகிற ஆவி எங்களுக்கு மேலே போயிற்று. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். கால் மணி கழித்து அது தானாகவே மனசு மாறித் தோட்டத்துக்குள் இறங்கிற்று.

அடுத்த வளைவில் ஒரு டீக்கடை. வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். கூட ஏழெட்டு வயதில் இன்னொரு பையன். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கை காட்டினாள். கிட்டே வந்ததும் கையை இறக்கிக்கொண்டாள். அவளும் ஆசனங்களை எண்ணிவிட்டாள் போலிருக்கிறது.

"என்னம்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"புள்ளைக்கு ஜுரம் அக்கா. ஃபிட்ஸ் மாதிரி ஒரு தடவ வந்திருச்சு. பஸ்ஸக் காணோம். இங்க போனும் எடுக்கல."

குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. நான் என் மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்குள் அவள் கதவைத் திறந்து இறங்கியாயிற்று. "நீ ஏறும்மா. பையன் என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். பையன் அம்மாவை விடமாட்டேன் என்று அழுதான். அவனை ஆசனங்களுக்குப் பின்னால் கூரைக் கம்பிகள் வைக்கிற இடத்தில் குந்த வைத்தோம். சட்டப்படி குற்றம், ஒப்புக்கொள்கிறேன். இருட்டிக்கொண்டு வந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து, "நீங்க உட்காருங்கம்மா, அவரு வர்ற வரைக்கும் கடை சாத்தமாட்டேன்" என்றார்.

அந்தப் பாதையை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. வளைவுகளை ரசிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பின்னாலிருந்து அந்தப் பையன் என் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் பிடியில் ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரிந்தது. "அவள் அங்கே தனியாக, அவள் அங்கே தனியாக" என்று எஞ்சின் சொல்லிக்கொண்டு வந்தது. நாலு கதவு ஹெரால்டாக இருந்தால், அதே சட்டத்தில், அதே சக்கரத்தில், பின் ஆசனத்தில் மூன்று பேருக்கு இடம். வண்டலூரில் யாரோ ஒருவர் மேஜைமேல் காகிதத்தை விரித்து, சட்டையின் அழகு கெடுவது தெரிந்தே, இரண்டு கோடு கூடுதலாகப் போட்டிருக்கிறார். அவரை நான் ரசனை இல்லாதவர் என்று அச்சில் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சேர்த்தாகிவிட்டது, பிழைத்துக்கொண்டது. நான் திரும்பி டீக்கடைக்குப் போகும்போது மணி எட்டரை. என் மனைவி கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பது, தோட்டத்தில் இப்போது ஆள் கிடைக்காதது, காட்டெருமைக்கு வாழைப்பழத் தோல் பிடிக்கும் என்பது, எல்லாம் தெரிந்துகொண்டிருந்தாள்.

"பயமா இருந்ததா?"

"மூணு டீ குடிச்சேன். நாலு கதவு இருந்திருந்தா இவ்வளவும் எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். பிறகு வண்டியில் ஏறி, கொஞ்ச தூரம் போனதும், "ஆனா அந்தப் பையனைக் கம்பியிலே உட்கார வெச்சது சரியில்லே" என்றாள்.

ஆகையால் வாபஸ் வாங்கும் பாதி இதுதான்: சம்பந்தியம்மாள் என்று சொன்னது தப்பு. அழகு குறைந்தது என்று சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. பின்கதவு வந்த இடத்தில் மிக்கெலாட்டியின் கோடு தடுக்கி விழத்தான் செய்கிறது, யார் வேண்டுமானாலும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். என் வண்டியைப் பற்றிய அபிப்பிராயத்திலும் மாற்றமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அதை எடுத்துக்கொண்டு லாம்ஸ் ராக் பக்கம் போய் வருகிறேன். ஒரு நாள் அவள் வருகிறாள். ஒரு நாள் அம்மா வருகிறாள். அம்மா மப்ளர் கட்டிக்கொண்டு, காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவாப் போடா" என்று சொல்வதும், நான் மெதுவாகப் போனால் "ஏன், கெட்டுப்போச்சா?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

நேற்று மேட்டுப்பாளையத்திலிருந்து பாய் போன் பண்ணினார். அன்னூர்ப் பக்கம் ஒரு நாலு கதவு ஹெரால்டை உடைக்கப் போகிறார்களாம். முன்சக்கரத்து மூட்டுகள் நல்ல நிலையில் இருக்கின்றன, எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். எடுத்து வையுங்கள் என்று சொல்லப் போனேன்.

"அந்த வண்டி ஓடுமான்னு கேளுங்க" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.